வீட்டுக் கல்யாணத்தை நாமே வீடியோ எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடியோ எடுப்பது உங்கள் தொழில் அல்ல. ஆனால் அக்காளின் திருமணத்திலோ நண்பனின் திருமணத்திலோ "நீயும் கொஞ்சம் எடுத்துவிடு" என்று சொல்லிவிட்டார்கள். அப்படிப்பட்டவர்களுக்காக எழுதியது இது. முந்தைய நாள் மாலை வரவேற்பு, மறுநாள் விடிகாலையில் முகூர்த்தம் என்று நடக்கும் தமிழ்நாட்டு மண்டபத் திருமணத்தை மனத்தில் வைத்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

காசு கொடுத்து வீடியோகாரரை அமர்த்தியிருக்கிறார்கள். நான் எடுத்து என்ன ஆகப்போகிறது?

நிறைய ஆகும். அவருக்குத் தொழில் தெரியும், உறவு தெரியாது. மூன்றாவது வரிசையில் கைத்தடியோடு உட்கார்ந்திருப்பவர்தான் மணப்பெண்ணைத் தோளில் தூக்கி வளர்த்த பெரியப்பா என்பது அவருக்கு எப்படித் தெரியும்? பல வருடங்களாகப் பேச்சுவார்த்தை இல்லாத சித்தப்பா இன்று வாசலில் வந்து நிற்கிறார் என்பதை யார் அவரிடம் சொல்வார்கள்? அவர் கண்ணுக்கு எல்லோரும் விருந்தாளிகள்தான்.

1980களின் பிற்பகுதியிலும் 1990களிலும் விஎச்எஸ் கேசட்டில் எடுத்த கல்யாண வீடியோவை ஏதாவது ஒரு வீட்டில் போடும்போது பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள். தாலி கட்டும் இடத்தில் யாரும் நிறுத்தச் சொல்ல மாட்டார்கள். பந்தியில் கேமரா யார் மேலோ பட்டும் படாமலும் நகரும்போதுதான் "நிறுத்து, நிறுத்து, அது ஆச்சி இல்லையா?" என்று குரல் எழும். ரீமோட்டை வாங்கிப் பின்னால் ஓட்டிப் பார்ப்பார்கள். ஆச்சி இலையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்திருப்பார், அவ்வளவுதான். அதற்குள் கேமரா அடுத்த இலைக்குப் போயிருக்கும்.

அந்த ஆச்சியை ஒரு நிமிடம் எடுத்துக் கொடுக்க உங்களால்தான் முடியும். மணமேடையை வீடியோகாரரிடம் விட்டுவிட்டு நீங்கள் கூட்டத்துக்குள் போங்கள்.

வேறு வீடியோகாரரே இல்லை, நான் ஒருவன்தான் என்றால்?

முதலில் இன்னொரு கைபேசிக்கு ஏற்பாடு செய்யுங்கள். அதை ஸ்டாண்டில் மாட்டி, மணவறை முழுவதும் தெரியும்படி வைத்து, முகூர்த்தம் தொடங்குவதற்கு முன்பே பதிவை ஓட விட்டுவிடுங்கள். யாரும் தொடாத அந்த ஒரு கோணம் உங்களுக்குக் காப்பீடு. நீங்கள் எதைத் தவற விட்டாலும் அதில் இருக்கும்.

அடுத்து, புரோகிதரிடம் சடங்குகளின் வரிசையைக் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மாலை மாற்றுவது, கூறைப்புடவை கொடுப்பது, தாலி, மெட்டி, அம்மி மிதிப்பது, அருந்ததி பார்ப்பது, பாலும் பழமும் கொடுப்பது என்று பொதுவாகத் தெரிந்திருந்தாலும், எது எதற்கு முன் வரும் என்பது சமூகத்துக்குச் சமூகம் மாறும். அருந்ததி பார்ப்பதற்காக மணமக்களை மண்டபத்துக்கு வெளியே அழைத்துப் போவார்கள். அது முன்கூட்டியே தெரிந்தால் வாசலில் அவர்களுக்கு முன்பாகப் போய் நிற்கலாம். தெரியாவிட்டால் அவர்களுடைய முதுகைத்தான் எடுப்பீர்கள்.

கைபேசி போதுமா, கேமரா வாங்க வேண்டுமா?

கைபேசி போதும். இரவல் வாங்கிய கேமராவை முதன்முறையாகக் கல்யாணத்தில் கையில் எடுப்பதைவிட, தினமும் புழங்கும் கைபேசி எவ்வளவோ மேல்.

ஆனால் சில ஒழுங்குகள் வேண்டும். படுக்கைவாட்டில் பிடியுங்கள். விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள். பூக்காரர் அழைக்கும் நேரமும் தாலி கட்டும் நேரமும் ஒன்றாகிவிடக் கூடாது. இரண்டு மூன்று லென்ஸ் உள்ள கைபேசியில் 1எக்ஸ் என்று குறித்திருக்கும் பிரதான லென்ஸையே பயன்படுத்துங்கள். மண்டபத்தின் மங்கலான மூலைகளில் மற்ற லென்ஸ்கள் படத்தைப் புள்ளி புள்ளியாகக் காட்டும். பெரிதாக்கிப் பார்க்க வேண்டுமா, இரண்டு அடி எடுத்து வைத்து நடந்து போங்கள். சந்தனமும் எண்ணெய்ப் பிசுக்கும் லென்ஸில் ஒட்டிக்கொண்டே இருக்கும். மெல்லிய பருத்தித் துணி ஒன்று சட்டைப் பையில் இருக்கட்டும்.

எதை எடுத்தாலும் குறைந்தது பத்து வினாடி கையை அசைக்காமல் நிறுத்துங்கள். புதிதாக எடுப்பவர்கள் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுவதுபோலக் கேமராவை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே போவார்கள். அப்படி எடுத்ததில் ஒரு முகம்கூட நிற்காது.

பதிவைப் போட்டுப் பார்த்தால் விளக்குகள் துடிக்கின்றன, திரையில் கருப்புப் பட்டைகள் ஓடுகின்றன. ஏன்?

நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சி. டியூப் லைட்டும் மலிவான எல்இடி விளக்கும் அதற்கேற்ப வினாடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கின்றன. நம் கண்ணுக்கு அது தெரிவதில்லை, கேமராவுக்குத் தெரிகிறது. பெரும்பாலான கைபேசிகள் வினாடிக்கு 30 ஃபிரேம், அதாவது 30 தனித்தனிப் படங்கள், என்ற கணக்கில் எடுக்கின்றன. ஒவ்வொரு படத்துக்கும் ஒளியை உள்ளே விடும் நேரமான ஷட்டரும் அந்தக் கணக்கிலேயே 1/60 வினாடி என்று ஓடினால் விளக்கின் துடிப்போடு ஒத்துப்போகாது. அதுதான் பட்டையாகத் தெரிகிறது.

வினாடிக்கு 25 அல்லது 50 ஃபிரேம், ஷட்டர் 1/50 அல்லது 1/100 என்று வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஐபோனில் கேமரா அமைப்புகளுக்குள், வீடியோ பதிவு என்ற பகுதியில் பிஏஎல் (50 சுழற்சி மின்சாரம் உள்ள நாடுகளின் தொலைக்காட்சி முறை) வடிவங்களைக் காட்டும் தேர்வு ஒன்று இருக்கிறது. அதை இயக்கினால் 25 ஃபிரேம் கிடைக்கும். ஷட்டரையும் நீங்களே தீர்மானிக்க வேண்டுமென்றால் பிளாக்மேஜிக் கேமரா என்ற இலவசச் செயலி ஐபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் உண்டு.

மணமேடைக்குப் பின்னால் தொங்கும் சீரியல் விளக்குகள் சில எந்த அமைப்புக்கும் அடங்காது. அவை பின்னணியில் வராத கோணத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். மெதுவோட்டக் காட்சி வேண்டுமானால் 50 ஃபிரேமில் எடுத்து, 25 ஃபிரேம் படத்தில் பாதி வேகத்தில் ஓட்டுங்கள். 120, 240 என்று போனால் மண்டப விளக்கில் துடிப்பு மறுபடியும் வந்துவிடும். அவற்றை வெயிலில் வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு இடம் வேண்டும்? பேட்டரி தாங்குமா?

ஐபோனில் சிக்கனமான வடிவத்தில் 4கே (மிக நுணுக்கமான படம்) 30 ஃபிரேம் எடுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 170 எம்பி, அதாவது மணிக்கு ஏறத்தாழ 10 ஜிபி. அதே கைபேசியில் அதைவிட நுணுக்கம் குறைந்த 1080பி என்றால் நிமிடத்துக்கு 60 எம்பிதான். தனிக் கேமராவில் வினாடிக்கு 100 மெகாபிட் என்று பதிவானால் மணிக்கு 45 ஜிபி போய்விடும். 64 ஜிபி கார்டு ஒன்றரை மணி நேரம்கூடத் தாங்காது. நான் சொல்வது இது: நிலையாக நிற்கும் கோணத்துக்கு 1080பி போதும், முகங்களை 4கேயில் எடுங்கள், பிறகு தேவைப்பட்டால் வெட்டி நெருக்கமாக்கலாம். கேமராவுக்கு வி30 (பதிவு வேகத்தைக் குறிக்கும் முத்திரை) என்று அச்சிட்ட கார்டு வாங்குங்கள். போலிகள் நிறைய விற்கின்றன, தெரிந்த கடையில் வாங்குவது நல்லது. பழைய கேமராக்கள் சில 29 நிமிடம் 59 வினாடியில் பதிவைத் தாமே நிறுத்திவிடும். உங்களுடையது அந்த வகையா என்று வீட்டிலேயே ஓட்டிப் பாருங்கள்.

மின்சாரத்துக்கு மண்டபத்தை நம்பாதீர்கள். மணமேடைப் பக்கத்து பிளக்குகளை அலங்காரக்காரரும் மைக் செட்காரரும் எடுத்துக்கொண்டிருப்பார்கள். பவர் பேங்க் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் என்ன பார்த்து வைக்க வேண்டும்?

முந்தைய நாள் மாலை வரவேற்பையே ஒத்திகையாக எடுத்துக்கொள்ளுங்கள். அதே மண்டபம், அதே விளக்கு, பெரும்பாலும் அதே ஒலிபெருக்கி. எடுத்ததை அன்றிரவே பெரிய திரையில் போட்டுப் பார்த்தால் விளக்கின் துடிப்பும் படத்தின் புள்ளிகளும் தெரிந்துவிடும்.

மூன்று பேரிடம் பேசிவிடுங்கள். வீடியோகாரரிடம், "உங்கள் ஃபிரேமுக்குள் வர மாட்டேன், எந்தப் பக்கம் நிற்கட்டும் அண்ணா?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியிலேயே அவர் உங்கள் பக்கம் வந்துவிடுவார். புரோகிதரிடம் வரிசையைக் கேளுங்கள். மைக் செட்காரரிடம் காலையில் எத்தனை மைக், எங்கே வைப்பார் என்று கேளுங்கள்.

தாலி கட்டும்போது எங்கே நிற்பது?

இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். தாலி முடிச்சு விழுவது பெண்ணின் பிடரியில். முன்னால் நிற்பவருக்கு முகம் தெரியும், முடிச்சு தெரியாது. பின்னால் நிற்பவருக்கு முடிச்சு தெரியும், முகம் தெரியாது. இரண்டும் ஒரே கேமராவுக்குக் கிடைக்காது. நீங்கள் ஒருவர்தான் என்றால் முகத்தையே எடுங்கள். முடிச்சு எல்லாக் கல்யாணத்திலும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

இடத்தைக் குடும்ப வழக்கத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஐயர் வீட்டுத் திருமணத்தில் பெண் தந்தையின் மடியில் அமர்ந்திருக்க மாப்பிள்ளை தாலி கட்டுவார். அங்கே அப்பாவின் முகமும் மகளின் முகமும் ஒரே ஃபிரேமில் கிடைக்கும். அதைவிட வேறென்ன வேண்டும்? வேறு பல வீடுகளில் மணமக்கள் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்திருப்பார்கள். மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போட, மீதியை நாத்தனார் முடிப்பார். நாத்தனாரும் விளக்குப் பிடிப்பவரும் பின்னால் நிற்பார்கள் என்பதால் அந்தப் பக்கம் உங்களுக்கு இடமே இருக்காது. மேடைக்குக் கீழே, சற்று ஓரமாக, முழங்காலிட்டு அமர்ந்துகொண்டால் எழும் கைகளுக்கு அடியில் பார்வை கிடைக்கும். "கெட்டி மேளம்" என்ற குரல் கேட்டதும் எல்லோரும் எழுந்துவிடுவார்கள், அட்சதை பறக்கும், உயர்த்திப் பிடித்த கைபேசிகள் சுவர்போல நிற்கும். தலைக்கு மேல் தூக்கிப் பிடிப்பவர்கள் எல்லோருக்கும் ஒரே படம்தான் கிடைக்கும், மற்றவர்களின் கைபேசித் திரை.

தாலியைத் தட்டில் வைத்து ஆசிக்காகச் சபையில் எடுத்து வருவார்கள் அல்லவா, அப்போதே பதிவைத் தொடங்குங்கள். அந்தத் தட்டைத் தொடும் கைகளை நெருக்கத்தில் எடுங்கள். வளையல் அணிந்த கை, நடுங்கும் கை, என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்து ஆளைப் பார்த்துத் தொடும் குழந்தையின் கை. தட்டு மேடைக்குத் திரும்பிய பிறகும் நிறுத்தாதீர்கள். தாலி ஏறி ஒரு நிமிடம் ஆகும்வரை பதிவு ஓடட்டும். கண்ணீர் வருவதெல்லாம் மேளம் அடங்கிய பிறகுதான்.

மேடையை வீடியோகாரர் பார்த்துக்கொள்கிறார் என்றால் அந்த நேரத்தில் மேடைக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். பெண்ணின் அம்மா எங்கே நிற்கிறார் என்று முன்பே பார்த்து வைத்து, அவர் முகத்தை மட்டும் எடுங்கள். ஒரு கல்யாணத்தில் நீங்கள் எடுக்கக்கூடிய மிக நல்ல காட்சி அதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

பின்னால் இருப்பவர்கள் "தெரியவில்லை, உட்காருங்கள்" என்று சத்தம் போடுகிறார்கள்.

அவர்கள் பக்கம்தான் நியாயம். ராத்திரிப் பஸ்ஸில் ஏறி வந்தவர்கள் தாலி கட்டுவதைப் பார்க்க வந்திருக்கிறார்கள். நிற்காதீர்கள், உட்காருங்கள் அல்லது தூணோரம் ஒதுங்குங்கள். மூன்று கால் ஸ்டாண்டு நடைவழியில் புடவை தடுக்கிவிடும், ஒற்றைக்கால் ஸ்டாண்டு போதும். புரோகிதருக்கும் அக்னிக்கும் நடுவே ஒருபோதும் போகாதீர்கள். ஒரு சடங்கைத் தவற விட்டால் விட்டதுதான். "இன்னொரு முறை மாலை போடுங்கள்" என்று மணமக்களிடம் கேட்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

படம் நன்றாக இருக்கிறது, ஒலிதான் கர்ணகடூரம். என்ன செய்வது?

அமெச்சூர் வீடியோக்களில் முக்கால்வாசி கெடுவது ஒலியால்தான். கைபேசி, ஒலி அளவைத் தானே கூட்டிக் குறைக்கும். மந்திரம் மெதுவாகக் கேட்கிறதே என்று கூட்டி வைத்திருக்கும். திடீரென்று தவில் விழுந்ததும் பிளிறும். உடனே அளவைக் கீழே இழுக்கும், அடுத்த சில வினாடிகளுக்கு யார் பேசினாலும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கும்.

வழி இதுதான்: தனியாக ஓர் ஒலிப்பதிவுக் கருவி, இல்லாவிட்டால் ஒலிப்பதிவுச் செயலி உள்ள பழைய கைபேசி. அளவைக் கையால் அமைக்க முடிய வேண்டும். நாதஸ்வரக் கலைஞர்கள் தொடக்கத்தில் வாசிக்கும்போதே மேளத்தின் உச்சத்தைப் பார்த்து, அளவுகோலில் சுழியத்தைத் தொடாமல் மைனஸ் 12 டெசிபல் சுற்றி நிற்கும்படி குறைத்து வையுங்கள். மெதுவான ஒலியைப் பிறகு கூட்டலாம், உடைந்த ஒலியை யாராலும் சரிசெய்ய முடியாது. கருவியை மணவறையின் பந்தல்காலில், புரோகிதரின் பக்கம் கட்டுங்கள். ஹோமத்துக்கு அருகே வேண்டாம். ஒலிபெருக்கிக்கு நேரே வைப்பதும் வீண். மைக் செட்காரர் சம்மதித்தால் அவருடைய பெட்டியிலிருந்து நேரடியாக ஒரு கம்பி எடுத்துக்கொள்ளலாம். அதில் புரோகிதரின் குரல் தெளிவாக வரும், ஆனால் கூட்டத்தின் ஒலி வராது. இரண்டும் வேண்டும். தொடங்கும்போது கேமராவுக்கு முன் ஒரு முறை கைதட்டுங்கள், பிறகு படத்தையும் ஒலியையும் அந்தத் தட்டலில் சேர்த்துக்கொள்ளலாம்.

ஒலிக்காகவே எடுக்க வேண்டியவையும் இருக்கின்றன. தென்மாவட்டங்களில் பெண்கள் இடும் குலவை. ஊஞ்சலைச் சுற்றி நின்று பாட்டிகள் பாடும் ஊஞ்சல் பாட்டும் லாலியும்; வரி மறந்துபோய் ஒருவர் நிறுத்த, இன்னொருவர் எடுத்துக்கொடுப்பதையும் சேர்த்து எடுங்கள். அந்தப் பாட்டுகளில் பல அந்தப் பாட்டிகளுக்கு மட்டுமே தெரியும். ஊஞ்சல் நடக்கும்போது மண்டபத்தில் திரைப்பாடல் ஓடிக்கொண்டிருந்தால், நிறுத்தச் சொல்லி மைக் செட்காரரிடம் ஓடுங்கள். வெட்கப்பட வேண்டாம்.

ஹோமப் புகை, மங்கல் வெளிச்சம், லென்ஸில் பனி: இவற்றுக்கு?

சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் பனிதான் முதல் தொந்தரவு. இரவெல்லாம் ஏசி அறையில் இருந்த கேமராவை அதிகாலைப் புழுக்கத்துக்குள் கொண்டுவந்தால் லென்ஸ் முழுக்க நீர் படியும். துடைத்தாலும் மறுபடி படியும். அரை மணி முன்பே பையோடு வெளியே கொண்டுவந்து வைத்துவிடுங்கள்.

புகை கெடுதல் அல்ல, பக்கவாட்டு வெளிச்சத்தில் அழகாகவே வரும். ஆனால் தானியங்கி ஃபோகஸ் புகையைத் தேடிக்கொண்டு அலையும். மணமக்கள் முகத்தில் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிவிடுங்கள். கேமராவில் ஒயிட் பேலன்ஸையும் (நிறங்களைச் சரியாகக் காட்டும் அமைப்பு) பூட்டுங்கள். இல்லாவிட்டால் மஞ்சள் விளக்குக்கும் சன்னல் வெளிச்சத்துக்கும் நடுவே கூறைப்புடவையின் நிறம் காட்சிக்குக் காட்சி மாறும். முகத்துக்கு நேராக எல்இடி விளக்கைப் பிடிக்காதீர்கள். வீடியோகாரரின் விளக்கே போதும், அதற்குப் பக்கவாட்டில் நின்றால் அதே வெளிச்சம் உங்களுக்கும் உதவும்.

யாரை எடுக்க வேண்டும், எதை எடுக்கக் கூடாது?

கல்யாணத்துக்கு முன் வீட்டுப் பெரியவர் ஒருவரோடு உட்கார்ந்து பெயர்ப்பட்டியல் எழுதுங்கள். எண்பது வயதைத் தாண்டியவர்கள், வெகு தூரத்திலிருந்து வருபவர்கள், உடம்புக்கு முடியாமல் வருபவர்கள். ஒவ்வொருவரிடமும் போய் "மணமக்களுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்று மைக்கை நீட்டினால் "நல்லா இருக்கட்டும்" என்பதோடு முடிந்துவிடும். பதிலாக, "உங்கள் கல்யாணம் எங்கே நடந்தது பெரியம்மா?" என்று கேளுங்கள். பத்து நிமிடம் பேசுவார்.

சுமங்கலிகளை மட்டும் முன்னே அழைக்கும் சடங்குகள் வரும்போது, கணவரை இழந்த பெண்கள் தாமாகவே பின்வரிசைக்கு நகர்ந்துவிடுவார்கள். பெண்ணை வளர்த்த அத்தையாகவே இருந்தாலும் நகர்ந்துவிடுவார். அந்த வழக்கம் எனக்கு ஏற்புடையதல்ல. அதை அன்றைக்கு உங்களால் மாற்ற முடியாமல் போகலாம். கேமராவை எங்கே கொண்டுபோவது என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. அவரைத் தேடிப் போங்கள், அனுமதி கேளுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து எடுங்கள். மணமக்கள் ஓய்வாக இருக்கும்போது அழைத்துவந்து அவரோடு சேர்த்தும் எடுங்கள்.

எடுக்கக் கூடாதவை: மணப்பெண் அலங்கார அறைக்குள் ஆண்கள் கேமராவோடு போக வேண்டாம், தங்கையோ தோழியோ எடுக்கட்டும். மொய் எழுதும் நோட்டுப் பக்கங்கள் வேண்டாம், யார் எவ்வளவு என்பது ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை. நகை, சீர்வரிசை பற்றிய பேச்சு கேட்டால் கேமராவை இறக்கிவிடுங்கள். பிள்ளைகள் இருக்கும் காட்சியைப் பெற்றோரைக் கேட்காமல் எங்கேயும் பகிராதீர்கள்.

பந்தியில் எப்படி எடுப்பது?

வாயில் கவளம் போகும்போது யார் முகத்தையும் எடுக்காதீர்கள். பரிமாறுபவர்களைப் பின்தொடருங்கள். இலை விழுவது, தண்ணீர் தெளிப்பது, ஓரத்தில் உப்பும் ஊறுகாயும் வருவது, வாளியிலிருந்து சாம்பார் இறங்குவது. ஆட்கள் கை வைப்பதற்கு முன்பே உங்களுக்கு ஐந்து நிமிடக் காட்சி கிடைத்துவிடும்.

இதைவிட நல்ல இடம் சமையல்கட்டு. முகூர்த்தம் ஆறு மணிக்கென்றால் மூன்று மணிக்கே அங்கே அடுப்பு எரியும். தலைமைச் சமையல்காரரிடம் கேட்டுக்கொண்டு உள்ளே போங்கள். கொப்பரையின் மூடியைத் திறக்கும்போது எழும் ஆவி, ஈரத்துணியிலிருந்து இட்லிகளைத் தட்டி எடுக்கும் வேகம், பாய் விரித்து உட்கார்ந்து தேங்காய் துருவும் பெண்கள். தூக்கம் பாராமல் உழைக்கும் இவர்கள் எந்தக் கல்யாண ஆல்பத்திலும் இருப்பதில்லை. இருக்க வேண்டும்.

தேவாலயத் திருமணம், நிக்காஹ், சுயமரியாதைத் திருமணம் என்றால்?

தேவாலயத்தில் போதகரிடமோ பங்குத்தந்தையிடமோ முன்பே அனுமதி கேளுங்கள். பீடத்துக்கு அருகே எதுவரை போகலாம் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். பீடத்துக்குப் பின்னால் கண்ணாடிச் சன்னல் இருந்தால் முகங்கள் இருட்டிவிடும், பக்கவாட்டுக்கு மாறுங்கள்.

நிக்காஹில் பெண்கள் பகுதியை எடுக்கலாமா என்பது அந்தக் குடும்பத்தின் முடிவு. எடுக்கலாம் என்றால் பெண் ஒருவர் எடுக்கட்டும், வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

சுயமரியாதைத் திருமணத்தில் ஒலியே முதன்மை. அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1967இல் கொண்டுவந்த சட்டத்திருத்தம், ஒருவரை ஒருவர் வாழ்க்கைத் துணையாக ஏற்பதாக அறிவிப்பது, மாலையோ மோதிரமோ மாற்றிக்கொள்வது, தாலி கட்டுவது ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றே திருமணத்துக்குப் போதும் என்றது. உறுதிமொழி சொல்லும் அந்த அரை நிமிடம்தான் அங்கே முகூர்த்தம். மைக்கை மணமக்களுக்கு அருகே வையுங்கள். வாழ்த்துரைகளை முழுவதுமாகப் பதிவு செய்யுங்கள், வெட்டுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வெளிநாட்டு உறவினர்களுக்கு நேரலை?

அதற்குத் தனிக் கைபேசி, தனி ஆள். பதிவெடுக்கும் கைபேசியில் நேரலை செய்யாதீர்கள். மண்டபத்தில் கூட்டம் சேர்ந்ததும் இணையம் திணறும், படமும் தரம் குறைந்துதான் போகும். இங்கே காலை 6 மணி என்றால் சிங்கப்பூரில் 8.30. டொரண்டோவில் முந்தைய நாள் இரவு 8.30, அவர்களுடைய குளிர்காலத்தில் 7.30. லண்டன்காரர்கள்தான் பாவம், நள்ளிரவு 12.30 அல்லது 1.30. அவர்களுக்குத் தாலி கட்டும் இரண்டு நிமிடத்தை உடனே தனியாக அனுப்பிவிடுங்கள்.

ட்ரோன்?

வேண்டாம். 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகள் வான்வெளியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு எனப் பிரித்திருக்கின்றன; மீனம்பாக்கம், பல்லாவரம் பக்கத்து மண்டபங்களெல்லாம் விமான நிலையத்தை ஒட்டியவை. விதி இடம் கொடுத்தாலும், சுழலும் இறக்கையைக் குழந்தைகள் ஓடும் இடத்துக்கு மேலே பறக்கவிடும் துணிச்சல் எனக்கு இல்லை.

திரைப்பாடலைப் பின்னணியில் போடலாமா?

வீட்டில் மட்டும் பார்க்கப் போகிறீர்கள் என்றால் யாரும் வந்து கேட்கப் போவதில்லை. யூடியூபில் ஏற்றினால் அந்தத் தளம் பாடலைத் தானாகவே கண்டுபிடித்து ஒலியை முடக்கலாம், வீடியோவையே தடுக்கலாம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கல்யாண ஊர்வலத்திலும் அதை ஒட்டிய கொண்டாட்டங்களிலும் பாடல் ஒலிப்பதற்கு விலக்கு அளிக்கிறது என்பது உண்மைதான். அது மண்டபத்தில் பாட்டுப் போடுவதற்கு. வீடியோவில் ஒட்டிப் பரப்புவதற்கு அல்ல. உங்கள் கருவியில் நாதஸ்வரமும் குலவையும் பதிவாகியிருக்கும்போது வேறு பாட்டு எதற்கு?

எவ்வளவு நீளத்தில் தொகுப்பது?

இரண்டாகக் கொடுங்கள். ஒன்று, நிலையான கோணத்தில் எடுத்த முழுச் சடங்கு, வெட்டாமல். மற்றது, எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்க இருபத்தைந்து நிமிடம். டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பே இதற்குத் தாராளம். பல கைபேசிகள் ஃபிரேம் வேகத்தை நிலையாக வைத்திருப்பதில்லை. நீண்ட பதிவில் ஒலி சிறிது சிறிதாக விலகினால், ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் நிலையான வேகத்துக்கு மாற்றிவிட்டுத் தொகுங்கள். இதயத்துக்குள் மணமக்கள், பூ மழை போன்ற அலங்காரங்கள் வேண்டாம். பெரியம்மா பேசும் பத்து நிமிடத்தைப் பத்து வினாடியாகச் சுருக்காதீர்கள்; அதைத் தனிக் கோப்பாக முழுதாகக் கொடுங்கள்.

எப்படிப் பாதுகாப்பது?

அன்றிரவே இரண்டு இடத்தில் படியெடுங்கள். ஒரு வன்தட்டு உங்கள் வீட்டில், இன்னொன்று மணமக்கள் வீட்டில். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் தரம் போய்விடும், அனுப்பியே ஆக வேண்டுமென்றால் ஆவணமாக அனுப்புங்கள். பழைய கேசட்டுகள் நம் ஊர் ஈரத்தில் பூஞ்சை பிடித்து அழிந்தன. வன்தட்டும் பூட்டி வைத்தால் பழுதாகலாம், வருடத்துக்கு ஒரு முறை இணைத்துப் பாருங்கள், சில வருடங்களில் புதியதற்கு மாற்றுங்கள்.

முதல் மாதத்துக்குள்ளேயே இரு வீட்டுப் பெரியவர்களோடும் உட்கார்ந்து வீடியோவை ஓட்டி, யார் யார் என்று கேட்டு எழுதுங்கள். பெயர், ஊர், என்ன உறவு. "பந்தி, இரண்டாவது வரிசை, நீலப் புடவை, பெண்ணின் அப்பாவுக்கு அத்தை, மன்னார்குடி" என்ற அளவில் போதும். அந்தப் பட்டியலை ஓர் எழுத்துக் கோப்பாக வீடியோ இருக்கும் அதே கோப்புறையில் போட்டுவையுங்கள். இவையெல்லாம் முடிந்து, இரண்டு படிகளும் ஓடுகின்றன என்று பார்த்த பிறகே கார்டை அழியுங்கள்.